தொடக்கப் பள்ளியை மீண்டும் திறக்கிறோம்: எதை முதலில் செய்வது?

கரும்பலகை எழுதியது:

ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை நான். மாணவர்கள் 212 பேர், ஏழு பிரிவுகள், என்னையும் சேர்த்து ஆசிரியர்கள் ஒன்பது பேர். கொரோனாவால் ஓராண்டுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த கட்டடத்தை மூன்று வாரத்தில் திறக்க வேண்டும் என்று ஆணை வந்துவிட்டது. அதனுடன் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் பதினெட்டுப் பக்கம். எல்லா வரிகளிலும் ‘கட்டாயம்’ என்று இருப்பதால், எது உண்மையிலேயே கட்டாயம் என்பதை மட்டும் அதிலிருந்து அறிந்துகொள்ள முடியவில்லை.

நிர்வாகக் குழு தன் பங்குக்கு நெற்றியில் காட்டும் வெப்பமானிகள் நான்கும் கிருமிநாசினி தெளிக்கும் கருவிகள் இரண்டும் வாங்கி அனுப்பியிருக்கிறது. கையில் மிச்சமிருக்கும் பணம் சொற்பம். ஆட்களோ அதைவிடக் குறைவு. ஆகவே என் கேள்வி, எல்லாவற்றையும் செய்ய முடியாத ஒரு பள்ளி எதை முதலில் செய்ய வேண்டும் என்பதுதான். வகுப்பறைகள் எட்டு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் கொண்டவை. ஒரு பக்கச் சுவரில் மட்டும் நான்கு ஜன்னல்கள் உண்டு. அவற்றுள் இரண்டை ஆண்டுக்கணக்கில் யாரும் திறந்ததில்லை. ஒன்றின் முன் அலமாரி நிற்கிறது, மற்றொன்று வண்ணம் பூசியபோது சட்டத்தோடு ஒட்டிப்போனது.

ஜன்னலோரம் எழுதியது:

கட்டடங்களின் காற்றோட்ட அமைப்புகளை வடிவமைப்பது என் தொழில். ஆகவே என் பதில் ஒருபக்கச் சார்புடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு ஜன்னல்களைத் திறக்க ஒரு தச்சரை அழைப்பதுதான் உங்கள் முதல் வேலை, அம்மா.

காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் வெளியிட்ட காற்றோட்ட வழிகாட்டியில், மருத்துவமனை அல்லாத இடங்களுக்கு ஆள் ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் புதிய காற்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. உங்கள் அறையில் முப்பது குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் இருந்தால் நொடிக்கு 310 லிட்டர், அதாவது மணிக்கு 1,116 கன மீட்டர் காற்று தேவை. அறையின் கொள்ளளவோ 144 கன மீட்டர்தான். ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று முழுவதும் ஏறக்குறைய எட்டு முறை மாற வேண்டும் என்று பொருள். பதினைந்து குழந்தைகளை மட்டும் அமர்த்தினால் நான்கு முறை மாறினால் போதும். ஆகவே வகுப்பைப் பாதியாகப் பிரிப்பதால் குழந்தைகளுக்கிடையே இடைவெளி கிடைப்பதோடு, ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் காற்றும் இரட்டிப்பாகிறது. நெறிமுறைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டாவது பயன்தான்.

காற்று போதுமா என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்றை இரவல் வாங்கியாவது ஒவ்வோர் அறையிலும் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும். நாம் வெளியே விடும் மூச்சில் ஏறத்தாழ 40,000 பங்கு. அறையில் 800 என்று காட்டினால், உள்ளே இழுக்கும் ஒவ்வொரு நூறு மூச்சிலும் ஒரு மூச்சு ஏற்கெனவே வேறு யாரோ விட்டது என்று கொள்ளலாம். 2,000 என்று காட்டினால் இருபத்தைந்துக்கு ஒன்று. ஜன்னல் அடைத்த வகுப்பறையில் முதல் பாடவேளை முடிவதற்குள்ளேயே 2,000 தாண்டியதை நானே பார்த்திருக்கிறேன். 800க்குக் கீழே வைத்திருப்பதை இலக்காகக் கொள்ளுங்கள்.

வெயில் ஏறினால் ஜன்னலை மூடிவிடும் பழக்கத்தையும் கவனிக்க வேண்டும். 2020 மே மாதம் இஸ்ரேலில் பள்ளிகள் முழுமையாகத் திறந்த சில நாட்களில் கடும் வெப்ப அலை வந்தது. முகக்கவசத்துக்கு விலக்கு அளித்தார்கள், குளிர்சாதனங்கள் ஓடின. ஜெருசலேமில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மட்டும் 153 மாணவர்களுக்கும் 25 பணியாளர்களுக்கும் தொற்று உறுதியானது. சாதாரணக் குளிர்சாதனம் உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றவிடும். புதிய காற்றைக் கொண்டுவராது.

இரண்டாம்வகுப்புஅம்மா எழுதியது:

ஐயா சொல்லும் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் ஏழு வயதுக் குழந்தைகளோடு பழகியவர்களுக்குத் தெரியும், அவர்கள் ஒருவரையொருவர் தொடாமல், ஒரே பென்சிலை மாறி மாறிக் கடிக்காமல் பத்து நிமிடம்கூட இருக்கமாட்டார்கள். அப்படியிருக்க, மேசை நாற்காலிகளைத் துடைப்பதையும் மருந்து தெளிப்பதையும் பின்னுக்குத் தள்ளுவது எப்படிச் சரியாகும்? எங்கள் வீட்டில் என் மாமியார் நுரையீரல் நோயோடு இருக்கிறார். மகளைப் பள்ளிக்கு அனுப்புவது என்பது எனக்கு மகளைப் பற்றிய முடிவு மட்டும் அன்று.

குழந்தைமருத்துவம் எழுதியது:

அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது. அதற்குக் காரணமாக நீங்கள் காட்டும் பொருளில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, மாசுபட்ட பொருளை ஒருமுறை தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கூறியது. சோப்பு நீரால் அன்றாடம் துடைப்பது போதும். குழந்தைகள் கையை 20 நொடி சோப்பால் கழுவுவதும் நல்லது. அது வயிற்றுப்போக்கையும் சேர்த்தே தடுக்கும். ஆனால் தெளிப்பான் வேண்டாம். அந்த மருந்து ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் மூச்சுக்குழாயை உறுத்தும். அதைத் தெளிக்கும் ஆள் அந்த அரை மணி நேரத்தில் வேறு பயனுள்ள வேலை செய்யலாம்.

நெற்றி வெப்பமானி பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொற்றுள்ள குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் முன்பிருந்தே தொற்று பரவக்கூடும். காலையில் காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பப்பட்ட குழந்தையையும் அக்கருவி சிரித்தபடியே உள்ளே அனுப்பிவிடும்.

இனி ஜன்னலோரம் ஐயாவுக்கு ஒரு நிகழ்வைச் சொல்ல விரும்புகிறேன். அது அவர் வாதத்தின் எல்லையைக் காட்டும். 2021 மே மாதம் கலிபோர்னியாவின் மெரின் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. வகுப்பில் 24 குழந்தைகள். மேசைகளுக்கிடையே ஆறடி இடைவெளி, திறந்த ஜன்னல்கள், திறந்த கதவு, காற்று வடிகட்டும் கருவி என எல்லாமே இருந்தன. தடுப்பூசி போட்டுக்கொள்ளாத ஆசிரியர் ஒருவருக்கு மூக்கடைப்பும் சோர்வும் ஏற்பட்டன. ஒவ்வாமைதான் என்று எண்ணி இரண்டு நாள் பாடம் நடத்தினார். கதை வாசித்துக் காட்டும்போது மட்டும் முகக்கவசத்தைக் கழற்றினார். பன்னிரண்டு குழந்தைகளுக்குத் தொற்று உறுதியானது. முதல் இரண்டு வரிசையில் அமர்ந்திருந்த பத்துப் பேரில் எட்டுப் பேர், பின்வரிசைகளில் இருந்த பதினான்கு பேரில் நான்கு பேர்.

இதில் குழந்தைகள் செய்த பிழை ஒன்றுமில்லை என்பதைக் கவனியுங்கள். நாம் குழந்தைகளின் கையையும் நெற்றியையும் சோதித்துக்கொண்டிருக்க, நோய் கரும்பலகையின் பக்கத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 2020 ஜூன், ஜூலை மாதங்களில் பள்ளிகள் பகுதியளவு திறந்தபோது நடந்த ஆய்விலும், மாணவர்களைவிடப் பணியாளர்களுக்கே தொற்று அபாயம் கூடுதலாக இருந்தது.

கரும்பலகை எழுதியது:

மருத்துவர் ஐயாவின் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்த ஆசிரியரை எனக்கு நன்றாகவே தெரியும். அதாவது, ஒவ்வொரு பள்ளியிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், பல ஆண்டுகள் அவர் நானாகவே இருந்தேன். தொண்டை கட்டிப்போய், குரலே எழும்பாமல், இஞ்சிச் சாற்றைக் குடித்துவிட்டுப் பாடம் நடத்தியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவள் நான். வராத ஆசிரியரின் வகுப்பை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு விடையில்லாத பள்ளியில், உடம்பு சரியில்லாமல் வருவதுதான் கடமை என்றாகிவிடுகிறது. ஏழு பிரிவுகளுக்கு எட்டு ஆசிரியர்கள் என்ற நிலையில், ஒரே நாளில் இருவர் விடுப்பு எடுத்தால் எனக்கு வேறு வழியே இல்லை. அதற்கு மேல், எங்களில் இருவர் தற்காலிகப் பணியாளர்கள். வராத நாளுக்கு அவர்களுக்கு ஊதியம் கிடையாது.

ஆணையின் பதினெட்டுப் பக்கங்களையும் இன்னொரு முறை புரட்டினேன். குழந்தைகள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்குப் படமே போட்டிருக்கிறார்கள். நோயுற்ற ஆசிரியரின் விடுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பழையமணி எழுதியது:

எங்கள் பள்ளி முதல் அலைக்குப் பிறகு ஒருமுறை திறந்து, ஐந்து வாரத்தில் மூடி, பின்னர் மீண்டும் திறந்த பள்ளி. பணி ஓய்வுக்கு முந்தைய ஆண்டு என்பதால் எனக்கு அந்த ஐந்து வாரங்களும் நன்றாக நினைவிருக்கின்றன.

வகுப்பறையில் இடைவெளி விட்டு அமர்த்தக் கோடு கிழித்தோம். ஆனால் காலையில் வெப்பம் பார்க்க ஒரே வாயிலில் எல்லாரையும் நிறுத்தினோம். உள்ளே ஒரு மீட்டர் தள்ளி இருந்தவர்கள் வெளியே இருபது நிமிடம் தோளோடு தோள் உரசி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பெற்றோர்கள், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஊர்க்கதை. இரண்டாம் முறை திறந்தபோது வெப்பமானியைப் பூட்டி வைத்துவிட்டு, பின்வாயிலையும் திறந்து, வகுப்புக்குப் பத்து நிமிட இடைவெளியில் வரச் சொன்னோம். அந்தக் கூட்டம் அத்தோடு காணாமல் போயிற்று.

தொற்று எங்களிடம் எங்கிருந்து கிளம்பியது என்று பின்னர் விசாரித்தபோது, எல்லாத் தடமும் ஆசிரியர் ஓய்வறையில் போய் முடிந்தது. ஜன்னலில்லாத சிறிய அறை. நாள் முழுவதும் முகக்கவசத்தோடு பேசிக் களைத்தவர்கள் அங்கே வந்துதான் அதைக் கழற்றி, எதிரெதிரே அமர்ந்து சாப்பிட்டோம். ஆறு பேரில் நான்கு பேருக்கு ஒரே வாரத்தில் காய்ச்சல். அதன்பின் அவ்வறையைப் பொருள் வைக்கும் இடமாக்கிவிட்டு, சாப்பாட்டை மரத்தடிக்கு மாற்றிக்கொண்டோம்.

மரத்தடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1904இல் பெர்லின் அருகே சார்லட்டன்பர்க்கில், காசநோய் அபாயம் இருந்த நலிந்த குழந்தைகளுக்காகக் காட்டிலே திறந்தவெளிப் பள்ளி நடத்தினார்கள். 2020 ஏப்ரல் 15 அன்று டென்மார்க் தன் தொடக்க வகுப்புகளைத் திறந்தபோதும் குழந்தைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, இயன்ற பாடங்களை வெளியில்தான் நடத்தியது. வெளியில் நடத்தலாம் என்றால் எல்லாப் பாடத்தையும் நடத்த வேண்டியதில்லை. சத்தமாகச் செய்பவை எவையோ, வாய்ப்பாடு, பாட்டு, கூட்டாக வாசிப்பது, அவற்றை மட்டும் வெளியே கொண்டுபோனால் போதும். உரக்கப் பேசும்போதுதான் வாயிலிருந்து துகள்கள் மிகுதியாக வெளிப்படுகின்றன.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியைகளுக்கு முகக்கவசம் பெரிய இடர். லகர, ளகர, ழகரங்களை உதட்டையும் நாவையும் காட்டாமல் எப்படிக் கற்றுத் தருவது? நாங்கள் அந்த ஒரு பாடத்தை மட்டும் முற்றத்தில், குழந்தைகளிடமிருந்து பத்தடி தள்ளி நின்று, முகக்கவசமின்றி நடத்தினோம்.

குழந்தைமருத்துவம் எழுதியது:

பழையமணி ஐயா சொன்ன ழகர ஏற்பாடு நல்ல ஏற்பாடு. குழந்தைகளின் முகக்கவசம் பற்றிக் கேள்வி வரும் என்பதால் ஒரு குறிப்பு: உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில், ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றும், ஆறு முதல் பதினொன்று வரை உள்ளவர்களுக்குத் தொற்றின் அளவு, மேற்பார்வைக்கு ஆள் இருப்பது, வீட்டில் முதியவர் இருப்பது போன்றவற்றைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றும் கூறின. இரண்டாம் வகுப்பு அம்மாவின் வீடு அந்த மூன்றாவது வகையில் வருகிறது. அவருடைய மகள் முகக்கவசம் அணிவதும் மாமியார் தடுப்பூசி போட்டுக்கொள்வதும், மேசையைத் துடைப்பதைவிடப் பன்மடங்கு பாதுகாப்புத் தரும்.

சுழற்சி முறையில் பாதிப் பாதியாக வரவழைப்பதானால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதைவிட ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்பது மேலானது. தொற்றிய குழந்தைக்கு அறிகுறி தோன்றுவது பெரும்பாலும் வீட்டிலிருக்கும் வாரத்தில் அமைந்துவிடும். ஆனால் இரண்டு பாதிக்கும் ஒரே ஆசிரியர்தான் பாடம் நடத்துகிறார் என்பதை மறக்க வேண்டாம். குழந்தைகளைப் பிரித்துவிட்டோம் என்று நாம் நினைக்கும்போது அவர்களை இணைக்கும் பாலமாக அவரே நிற்கிறார்.

ஜன்னலோரம் எழுதியது:

மெரின் மாவட்ட நிகழ்வை ஏற்கிறேன். காற்றோட்டம் அறை முழுவதும் தேங்கும் துகள்களை வெளியேற்றும். இரண்டடி தூரத்தில் முகத்துக்கு நேரே வரும் மூச்சை அது தடுக்காது. ஆசிரியரின் மேசையை முதல் வரிசையிலிருந்து தள்ளிப் போடுங்கள். முடிந்தால் முதல் வரிசையையே எடுத்துவிடுங்கள்.

கூரை மின்விசிறியைப் பற்றி ஒரு சொல்: ஜன்னல் மூடியிருக்கும்போது அது இருக்கும் காற்றைக் கலக்கிவிடுமே தவிர மாற்றாது. மேசை விசிறி ஒன்றை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்தவாறு வைத்துக் கதவைத் திறந்துவிட்டால், ஒருபக்க ஜன்னல் உள்ள அறையிலும் காற்று ஓடும். அதுவும் போதாத அறைக்கு, 2020இல் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசந்தாலும் பரவலாக்கிய பெட்டியைச் செய்துகொள்ளலாம். நான்கு காற்று வடிகட்டிகளைச் சதுரமாக நிறுத்தி, அடியை அட்டையால் மூடி, மேலே விசிறியை வைத்து, இடுக்குகளை ஒட்டுநாடாவால் அடைப்பதுதான் முழு வேலையும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.

இரண்டாம்வகுப்புஅம்மா எழுதியது:

இவ்வளவையும் படித்தபின் என் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். அனுப்பக்கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவள் அல்லள் நான். கடந்த ஆண்டில் என் மகள் எழுத்துகளை மறக்கத் தொடங்கியதைக் கண்ணெதிரே பார்த்தேன். தன் பெயரைக் கண்ணாடியில் தெரிவதைப் போல இடவலம் மாற்றி எழுதினாள். நெதர்லாந்தில் பள்ளிகள் எட்டு வாரம் மட்டுமே மூடியிருந்தும், குழந்தைகள் சராசரியாக ஒரு கல்வியாண்டின் ஐந்தில் ஒரு பங்குக் கற்றலை இழந்தார்கள் என்றும், பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு 60 விழுக்காடு வரை கூடுதல் என்றும் படித்தேன். இங்கே எட்டு வாரம் அன்று, ஓராண்டு.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான்: வகுப்பில் ஒருவருக்குத் தொற்று வந்தால் எங்களுக்கு எப்போது, யார், எப்படிச் சொல்வார்கள்? என் மூத்த மகன் படித்த ஒரு பள்ளியில், அதை மறைக்கப் பார்த்து, மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் அந்தக் குழந்தையின் பெயரோடு செய்தி பரவியது. அந்தக் குடும்பத்தின் வீட்டு வாசலைக்கூட மற்றவர்கள் கடக்க மறுத்தார்கள். அதற்குப் பிறகு யார் வீட்டில் காய்ச்சல் வந்தாலும் பள்ளிக்குச் சொல்லவில்லை.

குழந்தைமருத்துவம் எழுதியது:

அந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றிலும் கனமானது. சொன்னால் தண்டனை என்று ஆகிவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். செய்தியை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள், தலைமையாசிரியை அம்மா. பதற்றத்தில் எழுதும் செய்தி எப்போதும் தவறாகவே அமையும். எந்த வகுப்பு, கடைசியாக எந்த நாளில் தொடர்பு, எந்த அறிகுறியைக் கவனிக்க வேண்டும், எங்கே பரிசோதனை, எந்த நாளில் திரும்ப வரலாம் என்ற ஐந்து செய்திகள் போதும். பெயர் வேண்டாம், ‘அவன்’, ‘அவள்’ என்ற சுட்டும் வேண்டாம், ஆசிரியரா மாணவரா என்பதும் வேண்டாம். தகவல் கிடைத்த அன்று மாலைக்குள் அந்த வகுப்பின் எல்லாப் பெற்றோருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும்.

கூடவே வருகைப் பதிவேட்டில் முழு வருகைக்குப் பரிசளிக்கும் வழக்கம் இருந்தால் இந்த ஆண்டு நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, ஊரடங்கில் தட்டம்மை உள்ளிட்ட வழக்கமான தடுப்பூசிகளைத் தவறவிட்ட குழந்தைகள் நிறையப் பேர். பள்ளி திறக்கும் வாரத்தில் அவர்களின் அட்டையையும் கேட்டுப் பாருங்கள். தட்டம்மை கொரோனாவைவிட வேகமாகப் பரவும்.

குழாய்ச்சாவி எழுதியது:

இதுவரை யாரும் சொல்லாத ஒன்று. நான் கட்டடப் பராமரிப்பில் இருப்பவன். ஓராண்டாகப் பயன்படுத்தாத குழாய்களிலும் தொட்டியிலும் தேங்கிய நீரில், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் வளரும்; குழாய்களிலிருந்து ஈயமும் நீரில் இறங்கியிருக்கலாம். தொட்டியைக் கழுவி நிரப்பி, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, தேங்கிய நீர் முழுவதும் வெளியேறும்வரை ஓடவிடுங்கள். குழந்தைகளைக் கைகழுவச் சொல்வதற்கு முன் அந்த நீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நிர்வாகக் குழுவின் கூட்டம் நான்கு மணி நேரம் நடந்தது. தெளிப்பான்களைத் திருப்பித் தந்துவிட்டு அந்தப் பணத்தில் தச்சர் கூலியையும் ஆறு மேசை விசிறிகளையும் சமாளித்தோம். வெப்பமானிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். முதலுதவிப் பெட்டிகளில் வைத்திருக்கிறேன்.

பெரும்பகுதி நேரம் போனது விடுப்பைப் பற்றித்தான். அறிகுறி உள்ள நாளில் வீட்டில் இருக்கும் தற்காலிக ஆசிரியருக்கும் ஊதியம் உண்டு என்று தீர்மானம் நிறைவேறியது; ஒருவர் எதிர்த்தார், பதிவு செய்யப்பட்டிருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருவர் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். அழைத்தால் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் வர முடியாத நாளில் அந்தப் பிரிவுக்கு விடுமுறை விட்டுவிடுவேன், இரண்டு பிரிவுகளை ஓர் அறையில் சேர்க்கமாட்டேன் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், பதினைந்து பேர் வீதம். ஐந்து செய்திகள் கொண்ட அறிவிப்பை எழுதி, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். இரண்டாம் வகுப்பு அம்மா விரும்பினால் அதன் படியை இங்கேயே இடுகிறேன்.

இரவல் வாங்கிய கருவியை நேற்று ஆசிரியர்களும் பெரியவர்களுமாகப் பதினாறு பேர் அமர்ந்து ஓர் அறையில் சோதித்தோம். இரண்டு ஜன்னல் திறந்திருந்தபோது நாற்பது நிமிடத்தில் 1,340. நான்கையும் திறந்து விசிறியையும் ஓடவிட்டபின் 760. ஒரே ஒரு சிக்கல்: அலமாரியை நகர்த்தியதும் தெரிந்தது, அந்த ஜன்னல் கதவுகளுக்குக் கொக்கியே இல்லை. காற்றடித்தால் அறைந்து மூடிக்கொள்கின்றன. நேற்று கண்ணாடி ஒன்று விரிந்துவிட்டது.

ஜன்னலோரம் எழுதியது:

இரும்புக் கொக்கி கிடைக்கும்வரை ஒரு சாணளவு கயிற்றால் கதவைக் கம்பியோடு கட்டி வையுங்கள். முடிச்சு குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், மேல் கீலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். விரிந்த கண்ணாடியை மாற்ற வேண்டாம். கழற்றிவிட்டு வலை அடித்துவிடுங்கள்.